இறங்கித் திருப்புவது

பஞ்சிகாவத்தையில் மூன்றாவது கடை.
கூரைவரை கியர்ப்பெட்டிகள்.
அவற்றின் அடியில் ஓர் ஆள் உட்காருமளவு வெளிச்சம்,
அதில் நிஸ்தார்.
மேசையில் இரண்டு சோடி ஹப்பை வைத்தார்,
வினாத்தாள் கொடுப்பவர்போல.

"இது ஓட்டோ. மிஸ் உள்ளுக்கே ஈக்க ஏலும்.
லீவரப் போட்டா தானாப் பூட்டும்.
இது மெனுவல். எறங்கோணும்.
ரெண்டு முன் சில்லுக்கும் போய்
கையால திருப்போணும், மழையெண்டாலும்."

என் டபுள் கெப்பில் இருந்தது ஓட்டோதான்.
ஏலத்தில் எடுத்தபோது கூடவே வந்தது.
போன வைகாசியில்
களனி கங்கை கொலன்னாவைக் கடைகளுக்குள் புகுந்த இரவு,
லீவரை இழுத்தேன்.
பச்சை விளக்கு எரிந்தது.
முன் சில்லுகளுக்குச் செய்தி போகவில்லை.
வலப்பக்கம் மட்டும் டக், டக், டக்,
கதவைத் தட்டிவிட்டு
திறக்குமுன் ஓடிப்போகிற பிள்ளைபோல.
பின்னால் ஏழு பேர், ஒரு காஸ் சிலிண்டர்,
தலைக்குமேல் தூக்கிப் பிடித்த பள்ளிக்கூடப் பை.
கடைசியில் ஒரு தண்ணீர் பவுசர்தான் இழுத்தது.

கழற்றிய ஹப்பை நிஸ்தார் நகத்தால் சுரண்டுகிறார்.
கிறீஸ் சவர்க்காரம்போல இறுகியிருக்கிறது.
"சாமான்ல குத்தமில்ல மிஸ்.
இத ஒருத்தரும் தொறந்தே பாக்கல்ல."

ஏலத்துக்கு முந்தி அந்த வாகனம்
மிதிவெடி அகற்றுகிறவர்களுடையது.
நானும்தான்.
முகமாலையில் ஆறு வருஷம் அதன் சாரதி.
அங்கே ஓட்டோ சரி.
சிவப்புத் தடி நட்ட ஓரம்,
கதவைத் திறந்தால் காலை எங்கே வைப்பது?
இறங்காமல் பூட்டித் தருகிற எதையும்
கும்பிட்டிருப்பேன்.

ஒன்றைத் தவிர.
ஓட்டோ தானாகப் பூட்டும், தானாக விடாது.
நின்று, இரண்டு மீற்றர் பின்னால் போகவேணும்.
அப்போதுதான் பிடியைத் தளர்த்தும்.
பின்கண்ணாடியில் அந்த ஒற்றைப் பாதையைப் பார்த்து
பின்னால் போக மனமில்லாமல்
பூட்டியபடியே பளைவரை ஓட்டியிருக்கிறேன்.
பலமுறை.
ஏன் இவ்வளவு டீசல் என்று அலுவலகத்தில் கேட்டார்கள்.
மணல் என்று எழுதிக் கொடுத்தேன்.

"மெனுவல் பன்னெண்டாயிரம் கூட" என்றார்.
எட்டு என்றேன்.
சிரித்துவிட்டு ஒன்றைத் தூக்கி என் கையில் வைத்தார்.
கனம், ஒரு தேங்காய்ப் பாதியளவு.
வளையத்தைத் திருப்பினேன்.
கிளிக் என்று சத்தமில்லை.
ம் என்றது.

"சரி, வெள்ளத்துக்குள்ள எறங்குவீங்களா மிஸ்?
சில்லு கண்ணுக்குத் தெரியாதே."

இறங்குவேன்.
கொலன்னாவைத் தண்ணீருக்குள் கைவிட்டால்
ஒற்றைச் செருப்பு தட்டுப்படும்,
வாழைமட்டை, யாரோ வீட்டுப் பால்மாப் பைக்கற்.
அவ்வளவுதான் தட்டுப்படும்.
இதை அவரிடம் சொல்லவில்லை.
ஒன்பதரைக்கு முடித்தோம்.

மருதானையில் ஒரு பையன் பூட்டிக் கொடுத்தான்,
"அக்கா, மறக்காம ரெண்டையும் ஃப்ரீ பண்ணுங்க" என்று.

நாலாம் நாள் பம்பலப்பிட்டிச் சந்தியில்
சிவப்பு விளக்குக்கு நின்றபோது
பக்கத்துக் கடைக் கண்ணாடியில் என் வாகனம் தெரிந்தது:
இடது சில்லின் அம்பு லொக்கில்.
வலதை ஃப்ரீ செய்தது ஞாபகம் இருக்கிறது.
நாலு நாளாய் ஒரு பக்கம் விட்டும்
ஒரு பக்கம் பிடித்தும்
காலி வீதியில் ஓடியிருக்கிறேன்.
வாகனம் ஒரு முறைப்பாடும் சொல்லவில்லை.

பச்சை விழுந்தது.
கதவைத் திறந்தேன்.
பின்னால் பாணந்துறை பஸ் ஹோர்னில் கையை வைத்து
எடுக்கவேயில்லை.
அடிக்கட்டும்.
இரண்டு காலையும் தாரில் வைத்து
பார்க்காமலே வைத்து
முன்னால் சுற்றிப் போய்க் குனிந்தேன்.