மருந்துக் கொம்பு

குலசிங்கம் தொலைபேசியில் சொன்னது இவ்வளவுதான்:
மூன்றாம் காட்சியில் ஒல்லாந்தச் சிப்பாய்க்கு
இடுப்பில் தொங்க ஒரு மருந்துக் கொம்பு.
பத்தாவது வரிசைக்குக் கொம்பென்று தெரிந்தால் போதும்,
பிளாஸ்டிக் போத்தலை வளைத்துப் பெயின்ற் அடி, எமல்டா.

நான் மருந்துக்கடையில் மாத்திரை எண்ணுகிறவள்.
முப்பது, தொண்ணூறு, சாப்பாட்டுக்கு முன், பின்.
மருந்துக் கொம்பு என்ற சொல்லை ஒரு பகல் முழுக்க
நாக்கின் கீழ் வைத்திருந்தேன்.
கரையவில்லை.
சனிக்கிழமை லீவு கேட்டேன்.
உனக்கென்ன கொம்பா முளைச்சிருக்கு என்றான் நிருபன்.
இனிமேல்தான் என்றேன்.

தெமட்டகொடையில் அஸ்வர் கடதாசியில் சுற்றித் தந்தார்.
இடது கொம்பு, வெள்ளை, நுனி மட்டும் கறுப்பு.
காசு வேண்டாமாம்.
வலது எங்கே என்றதற்கு,
அது வரும்போதே இல்லை, தங்கச்சி.

உள்ளெலும்பு கழர அவிக்க வேண்டும்.
புட்டுப் பானையில் வைத்தேன்,
இனி அது புட்டுப் பானை இல்லை.
நாலாம் மாடியிலிருந்து திருமதி காசிச்செட்டி
மூக்கைப் பொத்தியபடி இறங்கி வந்து
யார் மோசம் போனது என்று கேட்டார்,
உண்மையான அக்கறையோடு.

நுனியில் துளை போடுவதுதான் கண்டம்.
கம்பியை உள்ளே விட்டு ஆழம் பார்த்து
வெளியே பென்சிலால் குறித்து
பழைய சோனகத் தெருவில் வாங்கின அலகை
நேராகத்தான் பிடித்தேன்.
கொம்பு நேரில்லையே.
முதல் துளை விலாவால் எட்டிப் பார்த்தது.
தேன்மெழுகில் கொம்புத்தூள் பிசைந்து அடைத்தேன்.
கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும்.

இருமல் பாணிப் போத்தலை உடைத்து
அந்தச் சில்லால் சுரண்டினேன்,
பல்புக்கு எதிரே பிடித்தால்
தேத்தண்ணி நிறத்தில் வெளிச்சம் கசியும்வரை.
வாய்க்குப் பலாப்பலகை வட்டம்.
கொம்பின் வாய் முட்டை வடிவம்.
வெந்நீரில் இளக்கி, திட்டி, திணித்து,
எட்டுப் பித்தளை ஆணி.

பிறகு ஊசி. கடையில் காலாவதியானது,
பென்சில் கட்டையில் செருகியது.
கப்பல் கீறினேன், தாரா வந்தது.
தாராவை மேகமாக்கினேன்.
அந்தக் காலத்துச் சிப்பாய்கள் தம் கொம்பில்
கோட்டையும் ஆறும் வழியும் கீறுவார்களாம்.
அலைதாங்கி, வெளிச்சவீடு, களனி வாய்,
அந்தோனியார் கோயிலின் இரண்டு கோபுரம்,
எங்கள் மாடி, அதன் தண்ணீர்த்தாங்கி.
கீழே ஊரின் பெயர்.
கீறலில் கண்மை தேய்த்துத் துடைத்தபோது
எல்லாம் எழுந்து வந்தன.
இரவு ஒரு மணி. ஆருக்குக் காட்டுவது?

ஒத்திகைக்குப் போகையில்
ஆமர் வீதியில் பஸ்ஸை மறித்துப்
பைகளைத் திறக்கச் சொன்னார்கள்.
மே மொக்கத?
அதன் முழுப் பெயர்
அவர் பாஷையிலும் மருந்து, என் பாஷையிலும் மருந்து.
இரண்டிலும் முன்னால் ஒரு வெடி நிற்கிறது.
நாள் முழுக்க இரு மொழியிலும் விற்கிற சொல்லைத்
தண்ணீரில்லாமல் விழுங்கினேன்.

கொன்ஸ்டபிள் தக்கையைப் பிடுங்கி
நுனியை வாயில் வைத்துக் கன்னம் உப்ப ஊதினார்.
முகம் சிவந்தது. சத்தமில்லை.
ஒரு இழை காற்றுக்கூட எங்கும் ஒழுகவில்லை,
விலாத் துளையில்கூட.
பயத்துக்கு நடுவில்
எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

திருப்பிப் பார்த்தார். தமிழ் வகுப்புக்குப் போனவர் போல,
விரல் வைத்து எழுத்துக் கூட்டினார்:
கொ… ம்… பு.
சரி, எழுதித்தானே இருக்கு,
என்று என் மடியில் வைத்துவிட்டு இறங்கினார்.

பஸ் பொரளைப் பக்கம் திரும்பும்வரை
அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
அளந்து, கோடிட்டு, மூச்சடக்கி எழுதியது.
நடுவில் ழு இல்லை.
இனி நுழைக்க ஊருக்குள் இடமில்லை,
கடலில்தான் கொஞ்சம் வெறுமை கிடந்தது.