வியாழக்கிழமை வண்டி

இரண்டு நகராட்சிக்கும் ஒரே வண்டி.
திங்கள் முதல் புதன் வரை ராமநாதபுரம்,
வியாழன் விடிந்தால் கீழக்கரை.
டீசல் யார் போடுவதென்று
நாலு மாதமாய்க் கடிதம் நடக்கிறது;
வண்டிதான் சில நாள் நடப்பதில்லை.

சகுபர் சாதிக் ஓட்டுவார். வலை என் கையில்.
பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்பது சட்டம்.

கீழக்கரை மீன்கடைத் தராசடியில்
போன வாரம் பிடித்த செவலை,
அறுவை முடிந்து, இடக்காதில் வெட்டு வாங்கி,
கூண்டு எண் மாறிப்போய்
புதன் சாயங்காலம் கேணிக்கரையில் இறங்கிவிட்டது.
பிழை என்னுடையது.
எழுத்தர் மேகவர்ணம் கேட்டார்,
"இப்ப இது யார் கணக்கு?"
பதிவேட்டில் இரண்டே கட்டம்.
நடுக்கோட்டின் மேல்
பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார்.

மறுநாள் கச்சான் காற்று
மணலை வாரிக் கண்ணாடியில் அடித்தது.
திருப்புல்லாணி தாண்டி, கருவேலங்காட்டு ஓரம்,
அது போய்க்கொண்டிருந்தது
தையல் காயாத வயிற்றோடு
சாலையின் இடப்பக்கமாக,
சட்டப்படி, பிடித்த இடத்துக்கு.

சாதிக் ஹாரன் அடிக்கவில்லை.
கியரைக் குறைத்தார்.
ஏற்றிக்கொள்ளலாம்தான்.
ஏற்றினால் மறுபடி ஒரு கட்டம் நிரப்ப வேண்டும்.
அதோடு, கூண்டுக் கதவு சத்தம் அதற்குத் தெரியும்.

ஊர்ப் பலகை வரை
அது முன்னால், நாங்கள் பின்னால்.
பலகைக் காலை ஒருமுறை மோந்து பார்த்துவிட்டு
சூடைமீன் வாடை வந்த சந்தில் திரும்பியது.
பின்னால் ஒரு மினிபஸ் கத்திக்கொண்டே இருந்தது.

போனில் மேகவர்ணம்:
"வண்டி எங்கய்யா வருது?"

"நாய்க்குப் பின்னால, சார்."