எர்த் போல்ட்

பர்கூரில் ஜவுளி மொத்த வியாபாரம், பெயர் திம்மராஜ்.
ஆம்ப் செத்துப்போச்சு, புதுசு ஒன்பதாயிரம் என்று
பெங்களூரில் ஒருவன் சொல்லிவிட்டானாம்.
ராயக்கோட்டை சாலையில் என் கடை வாசலில்
வெள்ளை வண்டியை ஏற்றி நிறுத்திவிட்டு
சாவியைக்கூட எடுக்காமல் கேட்கிறார்:
"ஒரே ஓனர் வண்டி, ஒரு கீறல் கிடையாது.
நிஜமாவே செத்துப்போச்சா பாய்?"

ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொன்னேன்.
ஸ்பீக்கருக்குள் ஒரு கொசு
என்ஜினோடு சேர்ந்து குரலை உயர்த்தியது,
காலை எடுத்ததும் இறங்கியது.
பாட்டில் தவில் விழுந்த இடத்தில்
டிக்கிக்குள் பச்சை விளக்கு சிவப்பானது.
சத்தமே இல்லை.
எண்ணினேன். ஒன்பதுக்குள்
மறுபடி பச்சை, மறுபடி தவில், மறுபடி சிவப்பு.

சாகிறது இத்தனை ஒழுங்காகச் சாகாது.

ஃபியூஸ் நல்லது.
ஸ்பீக்கர் வயரைக் கழற்றி
சுவர்க்கடிகார பேட்டரியை ஒரு நொடி தொட்டேன்.
டப் என்றது இடது. டப் என்றது வலது.
பின்னால் சிவப்பு வெள்ளை பின்களைப் பிடுங்கினேன்,
கொசு போனது.
செருகினேன்,
வந்தது.
திம்மராஜ் இதற்குள் டீ வாங்கி ஆறவிட்டு
ஃபோனில் யாருக்கோ
நைட்டி பண்டல் கணக்கு சொல்லிக்கொண்டிருந்தார்.

பேட்டரியில் பதினாலு இருக்கிறது.
ஆம்ப் வாய்க்குப் பதினொன்றுதான் வருகிறது.
நடுவில் எவனோ தின்கிறான்.

பேட்டரி மைனஸிலிருந்து நீள வயர் ஒன்றை
சீட்டுக்கடியில் இழுத்துவந்து
மீட்டரின் ஒரு முள்ளை அதில் வைத்தேன்,
மறு முள்ளை ஆம்பின் எர்த்தில்.
பூஜ்யம் இருக்கவேண்டிய இடம்.
இரண்டு புள்ளி ஆறு.
தவில் அடிக்க அடிக்க எண் துள்ளியது.

பிடிபட்டான்.

ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் பத்தாம் நம்பர் போல்ட்,
பெயிண்டின் மேலேயே முறுக்கியிருக்கிறார்கள்.
பெயிண்டைத் தாண்டிக் கரண்ட் போகாது.
டிங்கருக்கு அது தெரியாது, அவன் அழகு பார்க்கிறவன்.
உப்புத்தாளை மடித்துத் தேய்த்தேன்.
வெள்ளை போனது, சாம்பல் பட்டி போனது,
இரும்பு வருமென்று பார்த்தால்
மெரூன்.

ஒரு ரூபாய் காசளவு மெரூன்.

போல்ட்டுக்கு வரும் வயரைத் திருப்பிப் பார்த்தேன்.
கறுப்பு டேப்புக்கு மேலே பச்சை நூல்,
மூன்று சுற்று, ஒரு இறுக்கு.
இந்த ஊரில் அப்படிக் கட்டுகிறவன் நான்தான்.
அன்று நான் இரும்பு தெரியச் சுரண்டிய இடம்
இங்கிருந்து ஒரு சாண் தள்ளி
பட்டிக்குள் புதைந்து கிடக்கும்.

திம்மராஜின் விரலைப் பிடித்து அந்த வட்டத்தில் வைத்தேன்.
பார்த்தார். ஆறின டீயை ஒரே மடக்கில் குடித்தார்.
"எங்க மச்சான் பார்த்து வாங்கிக் கொடுத்தது பாய்,"
அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மெரூனையும் தேய்த்தேன். இரும்பு வந்தது.
மீட்டரில் பூஜ்யம் புள்ளி பூஜ்யம் இரண்டு.
கொசு இல்லை. தவில் முழுசாக விழுந்தது,
எதிரே பஞ்சர் ஒட்டுகிற பையன் தலையைத் தூக்கினான்.
இருநூறு வாங்கினேன்.

ராத்திரி பழைய பில் புத்தகத்தைத் தேடி எடுத்தேன்.
மெரூன், நாலு சேனல், நஞ்சுண்டப்பா, சூளகிரி.
நம்பரில் கடைசி இலக்கம் எண்ணெய் பட்டு
மூன்றா எட்டா தெரியவில்லை.
மூன்று போட்டேன், யாரோ ஒரு அம்மா திட்டினாள்.
எட்டு.
மணி அடித்துக்கொண்டே இருந்தது.
தொப்பூர் இறக்கம் ஞாபகத்துக்கு வந்தது,
நசுங்கிக் கிடக்கும் வண்டிகளில் மெரூன் எத்தனை என்று
யோசிக்க ஆரம்பித்திருந்தேன்.

"யாரு?"

"கிருஷ்ணகிரி, பாய் கடை. ஆம்ப் மாட்டினீங்களே."

"அந்த வண்டியா! காவேரிப்பட்டணத்துல
மாங்கா லாரிக்குப் பின்னாடி கொண்டுபோய் விட்டேன்.
லோடு பூரா பெங்களூரா, கண்ணாடிய உடைச்சுக்கிட்டு மடிமேல.
அடி ஒண்ணும் இல்ல,
மாம்பால் பட்டுத்தான் கழுத்தெல்லாம் வெந்துபோச்சு."
சிரிக்கிறார், இருமி இருமிச் சிரிக்கிறார்.
"ஆமா, என்ன விஷயம் இந்த நேரத்துல?"

"சும்மாதான்," என்றேன்.
"நூல் கட்டு அப்படியே இருக்கு."