முப்பத்தொரு மீற்றர் நாற்பது

கட்டுவன் கிழக்கில், பிந்தி விடுபட்ட காணிகளில் ஒன்று.
நாடாவின் ஒரு முனையைத் தவக்குமார் பிடிக்க
மறுமுனையோடு நான் நடந்தேன்.
செம்மண். காற்சட்டை முழுக்க நாயுருவி.
கோபுரம் வரப்போகிற இடத்தில்
கம்பனிக்காரர் ஒரு முளை அடித்து
அதன் தலைக்கு மஞ்சள் பூசியிருந்தார்கள்.

சபையின் உபவிதி சொல்வது இவ்வளவுதான்:
கோபுரம் எவ்வளவு உயரமோ அவ்வளவும்
அதில் பத்திலொன்றும் கூட்டி
அண்மையிலுள்ள நிரந்தரக் கட்டடத்துக்கு
இடைவெளி விடல் வேண்டும்.
விழுந்தால் எட்டுகிற நீளம் அது.
விழுந்தால் என்ற சொல் மட்டும் அதில் இல்லை.

உயரம் முப்பது. விடவேண்டியது முப்பத்துமூன்று.
வரைபடத்தில் சுற்றிவர வெள்ளை.
"கட்டடம் எதுவும் இல்லை" என்று
கம்பனியின் நிரோஜன் ஒப்பமிட்டிருந்தான்.

அந்த வெள்ளைக்குள் இருந்து புஸ்பமலர் வந்தா,
கையில் அகப்பையோடு.
பின்னால் அவவின் கொட்டில்:
துருவேறின தகரம், ஒரு பக்கம் தறப்பாள்,
பூவரசங் கதியாலில் காய்கிற பள்ளிக்கூடச் சட்டை.

"என்ன தம்பி, உங்கட படத்தில நாங்கள் இல்லையோ?"

நிரந்தரம் எண்டால் அத்திவாரம் வேணும் அக்கா,
சீமெந்து வேணும் என்று
நிலத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"இருபத்தேழு வரியம் இது உயர்பாதுகாப்பு வலயம்.
அப்ப ஒருத்தரும் நாடா கொண்டு வரேல்லை.
இப்ப என்ன வலயம்?"

"வதிவிட வலயம்."

"வதிவிடமோ" என்றா.
வேறொன்றும் சொல்லவில்லை.
உலை கொதிக்குது என்று உள்ளே போனா.

முளையிலிருந்து கொட்டிலின் கப்புக்கு அளந்தேன்:
பத்தொன்பது மீற்றர் அறுபது.
படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்.

தவக்குமார்தான் கண்டான்.
வாழைகளுக்குப் பின்னால் நீலக் கதவு.
மீள்குடியேறின முதல் வருசம்
ஏதோ ஒரு நிறுவனம் கட்டிக் கொடுத்த மலசலகூடம்.
அத்திவாரம் உண்டு, கல்லுச் சுவர் உண்டு,
நெற்றியில் வருசம்கூடப் பொறித்திருந்தது.
வீட்டுக்கு முதல் வந்து சேர்ந்த கட்டடம்.

உபவிதியை அந்த வெயிலில் நின்று
இரண்டுதரம் வாசித்தேன்.
வீடு என்று இல்லை. கட்டடம் என்றுதான் இருக்கிறது.

வாழைக்குள்ளால் நாடாவை இழுத்தோம்.
முப்பத்தொரு மீற்றர் நாற்பது.
"நிராகரிக்கப்படுகிறது" என்று மையால் எழுதினேன்.
புஸ்பமலர் வாய்பொத்திச் சிரித்தா:
"நாங்கள் தெரியேல்லை, கக்கூசு தெரிஞ்சிருக்கு."

இரண்டு கிழமையில் புது வரைபடம் வந்தது.
முளை அசையவில்லை. உயரம்தான் இருபத்தெட்டு.
விடவேண்டியது முப்பது எண்பது. கணக்குச் சரி.
பிழை பிடிக்க எனக்கு ஒன்றும் இல்லை.
கொட்டில் இன்னும் வெள்ளையாகவே இருந்தது.
ஒப்பமிட்டேன்.
ஆகாயத்தில் இரண்டு மீற்றர் மிச்சம் பிடித்தேன்
என்று மனைவிக்குச் சொன்னேன், அவளுக்கு விளங்கவில்லை.

கோபுரம் எழும்பி மூன்றாம் நாள்
புஸ்பமலர் அழைத்தா.
பக்கத்தில் நின்று பேசுவதுபோல் குரல்.

"தம்பி, வீட்டுத்திட்டத்தில பேர் வந்திட்டுது.
கொட்டில் நிக்கிற இடத்திலதான் அத்திவாரம் வெட்டப்போறன்.
கிணறும் அங்கதானே.
வெட்டலாமோ? இல்ல, நான் இப்ப
கோபுரத்துக்குக் கிட்டவோ?"

பொறுங்கோ அக்கா என்று
உபவிதியைப் புரட்டினேன்.
கோபுரம் எதற்கு எட்ட நிற்கவேண்டும் என்று
நாலு பக்கம் இருக்கிறது.
பிந்தி வருகிற வீட்டைப் பற்றி ஒரு வரி இல்லை.
பென்சில் எழுத்து மட்டும் அழியாமல் கிடந்தது,
பத்தொன்பது அறுபது.

"ஹலோ" என்றா. "ஹலோ, கேக்குதோ?"

நல்லாக் கேட்டது.