ஏறுமுன் ஒரு சுற்று

காரில் ஏறுமுன் ஒருமுறை சுற்றி வருவார்
ஜெனரல் ஹால்வார் நெஸ்ஸெட்.
டயரைக் காலால் தட்டுவார்,
கதவு இடுக்கில் விரல் ஓட்டுவார்.
முதல் வாரம் சிரித்துவிட்டேன்.
அவரும் சிரித்தார். மறுநாளும் சுற்றினார்.

இடப்பக்கம் திரும்பாது அவர் கழுத்து.
ஒன்பது மடங்கு எடை
இருபது வருடம் அதன்மேல் ஏறி இறங்கியது.
கூப்பிட்டால் உடம்போடு திரும்புவார்.
தோளில் நட்சத்திரம் கூடக் கூட
வானம் அவருக்கு ஜன்னலளவு ஆயிற்று;
அதிலும் பாதிநாள் பூடோவின் மூடுபனி.

பிப்ரவரியில் விதாரின் விமானம்
லோஃபோடனுக்கு மேற்கே கடலுக்குள் போனது.
மூன்றாம் இரவு
தேடலை நிறுத்தும் தாள் அவர் மேசைக்கு வந்தது.

"எண்பத்தொன்பதில் என் ஜோடி விமானி ஓத்தாருக்கு
இதே தாளில் ஒருவர் கையெழுத்துப் போட்டார்"
என்றார் பின்சீட்டிலிருந்து.
"பத்து வருடம் அந்த ஆளுக்கு சல்யூட் அடித்தேன்,
முகத்தைப் பார்க்காமல்."

வைப்பர் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தது.
போட்டுவிட்டீர்களா என்று நான் கேட்கவில்லை.
போகச் சொன்ன முகவரியே போதும்.

சுன்னிவாவின் வாசலில் விளக்கு எரிந்தது.
இறங்கினார். தொப்பியைச் சரிசெய்தார்.
காரை ஒருமுறை சுற்றி வந்தார்.

பிறகு
இன்னொரு முறை.