தாள் கிழிந்த இடம்

பெல்கிரேடில், பணியாளர் பிரிவில், தட்டச்சர் நான்.
ஒப்ராத் கோசனோவிச்சை
மேஜர் காலத்திலிருந்தே தெரியும்,
அதாவது, அவர் கோப்பைத் தெரியும்.

பிறப்பு லிகாவில், முப்பத்தொன்று.
பதினோரு வயதில் காட்டுப் படைக்கு
சட்டைக்குள் கடிதம், சாக்கில் உப்பு.
உப்பு ஏன் நனைந்தது என்று
விளக்கம் கேட்டிருக்கிறார்கள்.
பையன் ஏன் நனைந்தான் என்று இல்லை.

மரிபோரில் லெப்டினன்ட்; அங்கேயே கல்யாணம்.
பெண் மாய்தா, ஸ்லோவீனியக்காரி.
மேலதிகாரியின் அனுமதிக் குறிப்பு:
ஆட்சேபணை இல்லை. நன்றாகச் சமைக்கிறாள்.

அறுபத்து மூன்றில் ஸ்கோப்யே குலுங்கியது.
பொறியியல் படையோடு போனார்.
இடிபாட்டுக்குள்ளிருந்து தூக்கியெடுத்தவள்
இன்னொரு செருப்பு உள்ளே கிடக்கிறது என்றாளாம்.
திரும்பப் போய்த் தேடியிருக்கிறார்.
அதற்குக் கண்டிப்பு, சிவப்பு மையில்:
ஒற்றைச் செருப்புக்கு
இரண்டு மணி நேரம், ஒரு கிரேன், ஆறு ஆட்கள்.
கிடைத்ததா என்பதற்கு
படிவத்தில் இடமில்லை.

எட்டாவது கட்டம், தேசிய இனம்.
முதலில் செர்பியர் என்றிருந்தது.
எழுபத்தொன்றில் தானே வந்து
யூகோஸ்லாவ் என்று போடச் சொன்னார்.
ரப்பரால் அழித்துத் தட்டினேன்.
தொண்ணூற்றொன்றில் மேலிடத்து உத்தரவு:
பழையபடி செர்பியர்.
அழித்தேன்.
தாள் கிழிந்துவிட்டது.
ஓட்டை வழியே அடுத்த பக்கத்தின்
இரத்த வகை தெரிந்தது.

அந்த இலையுதிர் காலத்தில்
ஒரு பாலத்தைத் தகர்க்கும் காகிதம் வந்தது.
அவரே கேப்டனாக இருந்தபோது கட்டிய பாலம்.
ஜெனரல் கையெழுத்துப் போடவில்லை,
மாட்டேன் என்றும் சொல்லவில்லை.
சிறுநீரகக் கல், மருத்துவ விடுப்பு.
வேறொருவர் போட்டார். பாலம் போனது.
வீரம் என்று நான் சொல்ல மாட்டேன்,
மற்றதைச் சொல்லவும் எனக்குத் துணிவில்லை.
கல் இருந்தது. எக்ஸ்ரே கோப்பில் இருக்கிறது.

தொண்ணூற்று மூன்று டிசம்பர்.
அவர் ஓய்வூதியத்துக்குக் காலையில் இரண்டு முட்டை,
மாலையில் ஒன்று.
ஜன்னலில் வந்து நின்றார்.
ஓட்டையைப் பற்றிக் கேட்பார் என்று
பதிலைத் தயாராக வைத்திருந்தேன்.

"ஸ்கோப்யே கண்டிப்பு இன்னும் இருக்கிறதா?"

"இருக்கிறது, தோழர்."
பழைய வாய், சொல்லிவிட்டது.
பின் மேசைக்காரன் தலையைத் தூக்கினான்.

"அதை மட்டும் அழித்துவிடாதீர்கள்."

பழக்கத்தில் வலது கை உயரப் பார்த்தது.
முட்டைகள் இருந்ததால்
பாதியிலேயே நின்றுவிட்டது.