கச்சான் திரும்பும் உயரம்

மீன்வாடி சபூர்தீனிடம் கடனாக வாங்கிய
ரெஜிபோம் பெட்டி.
மூன்று தரம் கழுவியும் பாரையின் மணம் போகவில்லை.
அதற்குள்தான் கமெரா,
இரண்டு பட்டரி, அவற்றின் குளிருக்கு ஒரு சோடி காலுறை,
விழுந்த இடத்தைச் சொல்ல ஒரு சிம்.
வெளியே மூன்று மொழியில் என் கடை நம்பரும்
"வெடிக்காது" என்ற சொல்லும்.

அந்தச் சொல்லை எழுதச் சொன்னது பொலிஸ்.
கொழும்புக் கடிதத்தைப் படித்த பிறகும்
அவர் மூடியைத் திறந்து முகர்ந்தார்.
"உள்ளுக்கு என்ன?"
"வானத்தைப் படமெடுக்கிற சாமான், சேர்."
"அப்ப மீன் எங்க?"

எட்டுக் குடைகளைப் பிரித்து
மெர்லின் அக்கா பரசூட் தைத்தாள்.
ஒரு துண்டில் இன்னும் ஏதோ வங்கியின் பெயர்.
காற்றின் கணக்கு நிலூபா ரீச்சருடையது:
கீழே கச்சான், கடலுக்குத் தள்ளும்.
பதினைஞ்சு கிலோமீற்றருக்கு மேல கொண்டல்,
திருப்பி இழுத்து வரும்.
கடல்ல விழாது, இன்ஷா அல்லாஹ்.
கடைசி வரியை மட்டும்
கல்குலேட்டரைப் பார்க்காமல் சொன்னாள்.

கன்னன்குடா. வெட்டி முடிந்த வயல்.
விடியப்புறம் பலூன் ஆள் உயரம் வந்து,
பிறகு என்னையும் தூக்கப் பார்த்தது.
"விடுங்க" என்றாள்.
விட்டேன்,
எட்டு வயதில்
மேலே வண்டு இரைந்தால் கட்டிலுக்கடியில் கிடந்தவன்.
இது இரையவில்லை.
அண்ணாந்து நிற்க என் கழுத்துக்குத்தான் பழக்கமில்லை.

வாவிக்கு மேல் நின்று ஒரு குறுஞ்செய்தி.
பிறகு ஒன்றுமில்லை.
ரொட்டி ஆறியது. ரீச்சர் பேசவில்லை.
சபூர்தீன் மட்டும்
பெட்டியின் விலையை இரண்டு தரம் சொன்னார்.
பதினொன்றேகாலுக்கு
உன்னிச்சைப் பக்கமிருந்து ஒரு பட்டிக்காரர்:
"மனே, இது உங்கட பொட்டியா?
கெதியா வாங்க, மாடு நக்குது."

இரவு கடைச் சுவரில் வெள்ளைச் சீலை கட்டிப் போட்டோம்.
தெருவே வந்தது.
"எங்கட வளவு எங்க? நிப்பாட்டுகா."
நிப்பாட்டினேன். நிப்பாட்டி நிப்பாட்டியே
நாலு கிலோமீற்றர் ஏற ஒரு மணித்தியாலம்.
மெர்லின் அக்கா கோயில் கூரையைக் கண்டுபிடித்தாள்.
சபூர்தீன் தன் வாடியைப் பார்த்துவிட்டு
"தகரம் மாத்தோணும்" என்றார்.
பிறகு எங்கோ ஒரு நூல் நழுவ
பெட்டி சரிந்து, கமெரா அண்ணாந்தது.
நீலம் கடுத்தது. கடுத்துக் கறுத்தது.
"படம் முடிஞ்சிது" என்று யாரோ சொல்ல
கதிரைகள் இழுபட்டன.

முடியவில்லை.
அதுதான் நாங்கள் பார்க்கப் போன இடம்.

சாமம் திரும்ப முதலில் இருந்து ஓட்டினேன்.
கண்ணாடித்தாளின் உட்புறம் கலங்கலாய் ஒரு அசைவு.
எறும்பு. பாரைக்கு வந்தது.
வாவியின் மேல் நடந்தது. கல்லடிப் பாலத்தைக் கடந்தது.
பத்தாவது கிலோமீற்றரில் தடுமாறியது.
பதின்மூன்றில் நின்றது.
அதற்குப் பிறகு காற்றின் இரைச்சல் தேய்ந்து தேய்ந்து
ஒலியே இல்லை.
பக்கவாட்டில் வந்த வெயில் பட்டு
கறுப்பின் நடுவே வெளிச்சமாய் ஆறு கால்,
ஒன்றும் அசையாமல்,
முக்கால் மணித்தியாலத்துக்கு மேல்.

பலூன் உடைந்தது சோளம் பொரிகிற அளவுக்குத்தான் கேட்டது.
வானம் கடல் வானம் கடல்
வங்கியின் பெயர்
வானம்.
புல்.
நெடுநேரம் புல்தான். ஒரு மாட்டின் மூக்கு.
அணைக்கப் போன நேரம்
ஒரு கால் நடுங்கியது.
பிறகு மீசை. அதை இரண்டு தரம் துடைத்துக்கொண்டு
சட்டத்துக்கு வெளியே போய்விட்டது.

சபூர்தீன் பெட்டியைத் திருப்பிக் கேட்கிறார்.
கழுவித் தருகிறேன் என்று
நாளை நாளை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.